கழலாத சக்கர நட்: பழைய கம்பிச் சக்கர வண்டியில் எங்கே பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்துக் கழற்றும் முறை

எம்ஜிபி, ஜாகுவார் ஈ-டைப், ஆஸ்டின்-ஹீலி போன்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் கம்பிச் சக்கரம் இருந்தால், அதை நான்கைந்து நட் பிடித்திருக்காது. நடுவில் ஒரே ஒரு பெரிய நட்தான். சக்கரம் மாட்டும் அச்சுப்பகுதியான ஹப்பின் மேல் நெடுக வெட்டிய பற்கள் இருக்கும். சக்கரம் அதன்மேல் வழுக்கி ஏறும். நட் அதை உள்பக்கமாக அழுத்திப் பிடிக்கும். சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் சக்கரம் கையோடு வரவேண்டும் என்பதுதான் இந்த வடிவமைப்பின் நோக்கமே. பந்தயக் களத்தில் சீக்கிரம் சக்கரம் மாற்றப் பிறந்த ஏற்பாடு, வருஷக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியில் அரை நாள் வேலையாக மாறிவிடுகிறது.

இங்கே எம்ஜிபியை வைத்துச் சொல்கிறேன். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான வண்டி, இன்றைக்கும் ஏராளமாக ஓடுகிறது, உதிரிபாகமும் கிடைக்கிறது. அதே காலத்து மற்ற கம்பிச் சக்கர வண்டிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரு கணக்கை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நட் மலிவு. சக்கரம் அதைவிட விலை. ஹப் இன்னும் விலை, மாற்றும் வேலையும் அதிகம். எந்தக் கட்டத்திலும் எதைக் காப்பாற்ற எதைப் பலி கொடுக்கிறோம் என்பதை இந்த வரிசைதான் தீர்மானிக்கும். குரோம் பளபளப்பு போய்விடுமே என்று நட்டைக் காப்பாற்றப் பார்த்து, ஹப்பின் மரையைக் கெடுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடப்பது.

அடித்துப் பார்த்தாயிற்று, துளிகூட அசையவில்லை

எண்ணெயைத் தேடுவதற்கு முன் திசையைப் பாருங்கள். "இறுகிப்போன" நட்களில் கணிசமானவை, இறுக்கும் பக்கமாகவே அடி வாங்கியவை.

இந்த வண்டிகளில் இரண்டு பக்கமும் ஒரே மரை கிடையாது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது இடது பக்கத்தில் இருக்கும் இரண்டு நட்டும் சாதாரண மரை. கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கழலும். வலது பக்கத்து இரண்டும் தலைகீழ் மரை. கடிகார முள் திசையிலேயே கழலும். இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் சரி, மேலே நிற்கும் காதை (நட்டிலிருந்து இறக்கைபோல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) வண்டியின் முன்பக்கம் நோக்கித் தட்டினால் கழலும், பின்பக்கம் நோக்கித் தட்டினால் இறுகும்.

ஏன் இப்படி என்று தெரிந்துகொள்வது நல்லது. சக்கரத்தின் நடுப்பகுதி வெளிமுனையில் கூம்பாக இருக்கும். நட்டின் உட்புறமும் கூம்பு. அது சக்கரக் கூம்பை மூடியபடி உட்காரும். வெளியே இருக்கும் நட்டின் சுற்றளவு உள்ளே இருக்கும் கூம்பைவிட ஒரு மயிரிழை அதிகம். வண்டியின் எடையோடு சக்கரம் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் நட் கொஞ்சமே கொஞ்சம் பின்தங்கும். பின்தங்குவது என்றால் இந்த மரையில் இறுகுவது. ஆக, ஓடஓட நட் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். கழலாமல் காக்கிற இந்த ஏற்பாடுதான், பல வருஷம் கழற்றாமல் ஓட்டிய வண்டியில் உங்களை வியர்க்க வைப்பதும்.

நட்டின் முகப்பில் பெரும்பாலும் ஓர் அம்புக்குறியும், எந்தப் பக்கத்துக்கானது என்ற எழுத்தும் இருக்கும். அந்த அம்பு நட்டின் சொந்த மரையைப் பற்றிச் சொல்வது. எனவே மேலே சொன்ன விதியும் அம்பும் முரண்பட்டால், அம்பை நம்புங்கள். அதோடு, அப்படி முரண்பட்டால் வேறொரு சேதியும் உண்டு: யாரோ ஹப்களைப் பக்கம் மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். அந்த வண்டியில் நட் ஓடஓடத் தானாகக் கழலும். சக்கரத்தைக் கழற்றிய பிறகு ஹப்களைச் சரியான பக்கத்துக்கு மாற்றாமல் சாலையில் இறக்கவே கூடாது. மறு குரோம் பூசிய நட்டில் எழுத்து தேய்ந்து போயிருக்கலாம். அப்போது விதியை வைத்துத்தான் போக வேண்டும். வேறு வகை மையப்பூட்டுச் சக்கரங்களில், அதாவது நட்டின் கூம்பு சக்கரத்துக்குள் புகுந்து உட்காருகிறவற்றில், மேலே சொன்ன பின்தங்கும் கணக்கு புரண்டுவிடும். அவற்றுக்கு இந்த விதியை எடுத்துப் போகாதீர்கள்.

திசை சரிதான் என்றால், அடுத்து அடி எப்படி விழுகிறது என்று பாருங்கள். சக்கரம் தரையில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கில் தூக்கிய வண்டியைச் சுத்தியலால் அடிப்பது ஆபத்து. அடியில் பாதி டயரின் ஆட்டத்தில் வீணாகிவிடும் என்பது வேறு.

சுத்தியல் செம்புத் தலையாக இருக்க வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு கிலோ. ஈயச் சுத்தியலும் நல்லதுதான், தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். இரும்புச் சுத்தியல் மட்டும்தான் இருக்கிறது என்றால் நடுவில் கனமான மரக்கட்டையை வையுங்கள். தச்சரின் கொட்டாப்புளி இந்த வேலைக்குக் கனம் போதாது. அடி காதின் நுனியில், அது சுற்ற வேண்டிய திசையிலேயே நேராக விழ வேண்டும். சாய்வாக விழுந்தால் காது வளையும், அல்லது வழுக்கிப் போய்க் கம்பியிலும் பெயின்டிலும் படும். பத்து சின்ன அடியைவிட மூன்று கனமான அடி மேல்: கூம்பில் பிடித்த துரு அதிர்ச்சிக்குத்தான் விடும்.

மூன்று நான்கு நல்ல அடிக்கும் மசியவில்லையா, நிறுத்துங்கள். இனி எண்ணெய்.

எண்ணெய் விட்டும் பலன் இல்லை

எண்ணெய் மரைக்குப் போய்ச் சேரவே இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். சாதாரண நட்டில் போல்ட்டின் முனை வெளியே தெரியும், அதன்மேல் அடித்தால் எண்ணெய் இறங்கும். இந்த நட்டுக்கு முகப்பு மூடியிருக்கிறது. மரை முழுவதும் உள்ளே. வெளிமுகத்தில் எவ்வளவு அடித்தாலும் குரோம்தான் பளபளக்கும். எண்ணெய்க்கு இருக்கும் ஒரே வழி, நட்டின் விளிம்பும் சக்கரத்தின் நடுப்பகுதியும் சந்திக்கும் இடுக்கு. அந்த இடுக்கிலும் வருஷக்கணக்கில் படிந்த அழுக்கும் பெயின்டும் அடைத்திருக்கும்.

முதலில் கூர்மையான பிளேடால் அந்த இடுக்கைச் சுற்றிலும் கீறிவிடுங்கள். பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருவை எடுங்கள். பிறகு மெல்லிய குழாய் வைத்த ஸ்ப்ரேயால், கம்பிகளுக்கு நடுவே கை நுழைத்து, பின்பக்கத்திலிருந்து இடுக்கைச் சுற்றி அடியுங்கள். அதற்கு முன் பிரேக் டிஸ்கைத் துணியால் மூட வேண்டும். எண்ணெய் குடித்த பிரேக் பேடு பிறகு எதற்கும் உதவாது, மாற்றத்தான் வேண்டும்.

எண்ணெய் விட்டதும் சுத்தியலை எடுக்காதீர்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று இரண்டு நாள் விடுங்கள். ஒவ்வொரு தடவையும் வண்டியைக் கால் சுற்று நகர்த்தி நிறுத்தினால் எண்ணெய் ஒரே பக்கம் தேங்காது. நடுநடுவே நட்டின் முகத்தில் செம்புச் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டிருங்கள். அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இழுபடும்.

எந்த எண்ணெய் என்று நிறையச் சண்டை நடக்கும். டபிள்யூடி-40 அடிப்படையில் ஈரத்தை விரட்ட உருவாக்கியது. பெயரின் முதல் இரண்டு எழுத்தும் அதைத்தான் குறிக்கின்றன. வேறு இல்லையென்றால் பயன்படுத்தலாம், ஆனால் துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே விற்கும் எண்ணெய் மேல். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து வீட்டிலேயே செய்கிறவர்கள் உண்டு. வேலை செய்யும். ஆனால் இரண்டும் நிற்கவிட்டால் பிரிந்துவிடும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும், பெயின்டைத் தின்றுவிடும், சட்டெனத் தீப்பிடிக்கும். அடுத்து சூடு காட்டும் எண்ணம் இருந்தால் அந்தக் கலவைப் பக்கமே போகாதீர்கள்.

சூடு என்றால் ஹீட் கன், அதாவது சுடுகாற்று ஊதும் கருவி. டார்ச் நெருப்பு வேண்டாம் என்பேன். நட் மட்டும் சூடாகி, ஹப் குளிர்ந்தே இருந்தால்தான் பயன். பித்தளை நட்டுக்கு இது நன்றாகவே எடுபடும்: ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் சுமார் 19 பங்கு பித்தளை விரியும், இரும்பு சுமார் 12 பங்குதான். நாற்பது மில்லிமீட்டர் சொச்சம் விட்டமுள்ள பித்தளை நட்டை ஹப்பைவிட நூறு டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் 0.08 மில்லிமீட்டர் அளவுக்கு அகலும். கேட்க அற்பமாக இருக்கிறது. துருப்பிடித்த மரைக்கு அது தாராளம். உங்கள் நட் பித்தளையா இரும்பா என்று தெரிய ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். இரும்பானால் பச்சென்று பிடிக்கும். பித்தளையானால், குரோமுக்கு அடியில் இருக்கும் நிக்கல் காரணமாக லேசாக இழுத்தாலும் இழுக்கும், அவ்வளவுதான்.

சூடு காட்டும்போது மூன்று விஷயத்தில் விளையாடக் கூடாது. ஒன்று, டயர்: சக்கரம் நன்றாகச் சூடேறினால் டயருக்குள் ரப்பர் சிதைந்து வாயு உண்டாகி, டயர் வெடிக்கும், காற்றை இறக்கிவிட்டோம் என்பது முழுப் பாதுகாப்பு இல்லை. இரண்டு, பிரேக் கிளீனர்: குளோரின் கலந்த வகையை அடித்த இடத்தைச் சூடாக்கினால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரலாம். மூன்று, மக்னீசியம் சக்கரம்: அந்தக் காலப் பந்தய வண்டிகளில் உண்டு, பற்றினால் தண்ணீரால் அணைக்க முடியாது. கம்பிச் சக்கரத்துக்கு இந்த மூன்றாவது கவலை இல்லை, ஆனால் வண்டி வேறு என்றால் முதலில் உலோகம் என்னவென்று பாருங்கள். அதோடு, சாதாரண லித்தியம் கிரீஸ் 180, 190 டிகிரி வாக்கில் உருகி ஒழுகத் தொடங்கும். ஹப்பைத் தொட்டால் கை சுடுகிறது என்றால் போதும், நிறுத்துங்கள்.

கொஞ்சம் கழன்றது, அப்புறம் மறுபடி இறுகுகிறது

நட் கால் சுற்று வந்து, பிறகு முன்னைவிட மோசமாகப் பிடிக்கிறதா? இங்கேதான் பொறுமை இழந்து ஹப்பைக் கெடுக்கிறார்கள். உள்ளே நடப்பது துரு மட்டும் இல்லை: மரையின் பரப்பு ஒன்றோடொன்று உரசிக் கீறி, பிய்ந்த உலோகத்துணுக்கு உருண்டு, அடுத்த மரையில் ஆப்பு மாதிரி சொருகிக்கொள்கிறது. இந்த நிலையில் இன்னொரு அடி வைத்தால் அந்த ஆப்பை இன்னும் ஆழமாக அறைகிறீர்கள்.

வந்த வழியே திரும்புங்கள். எட்டில் ஒரு சுற்று உள்ளே இறுக்குங்கள், இடுக்கில் எண்ணெய் விடுங்கள், பிறகு வெளியே. போன இடத்தைவிடக் கொஞ்சம் தாண்டியதும் மறுபடி உள்ளே. இப்போது கூம்பு விட்டுக்கொடுத்துவிட்டதால் எண்ணெய்க்கு வழி திறந்திருக்கும், முன்பு ஏறாத எண்ணெய் இப்போது ஏறும். சலிப்பான வேலைதான். ஆனால் கையில் உணர்வு தெரியும்: கரகரவென்ற உரசல் படிப்படியாக வழவழப்பாக மாறினால் தப்பித்தீர்கள். மாறாக, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் முட்டி, எண்ணெயோடு பளபளக்கும் உலோகத்துகள் வந்தால் நட் போயிற்று என்று வையுங்கள். வெட்டும் பகுதிக்குப் போகலாம்.

இந்தக் கட்டத்தில் சுத்தியலைவிட நீளமான கைப்பிடி நல்லது. காதுள்ள நட்டுக்கு, இரண்டு காதையும் கவ்விப் பிடிக்கும் மரச்சட்டம் விற்கிறார்கள். கனமான பலகையில் நீங்களே குடைந்தும் செய்துகொள்ளலாம். அதில் ஒரு மீட்டர் நீளக் கம்பியைப் பொருத்தி, ஒரு ஆள் தன் எழுபது கிலோ எடையைச் சாய்த்தால் கிட்டத்தட்ட 690 நியூட்டன் மீட்டர் திருகுவிசை வரும். அடியைப் போல அதிர்ச்சி கிடையாது. எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்பது கையில் தெரியும். முதல் பிடியை உடைக்கச் சுத்தியல், பிறகு சுற்றிக் கொண்டுவரச் சட்டம் என்று பிரித்துக்கொள்வது என் வழக்கம்.

நட்டோடு சக்கரமும் சேர்ந்து சுற்றுகிறது

ஜாக்கில் தூக்கியிருந்தால் இது நடக்கும், இறக்குங்கள். தரையில் இருந்தும் முன்சக்கரம் நழுவுகிறது என்றால், ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து கால் பிரேக்கை அழுத்திப் பிடிக்கட்டும்.

சக்கரம் கொஞ்சம் திரும்புகிறது, ஆனால் ஹப்பும் டிஸ்கும் அப்படியே நிற்கின்றன என்றால் சங்கதி வேறு. சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே இருக்கும் பற்கள் தேய்ந்திருக்கின்றன. நட்டைக் கழற்றிய பிறகு கடைசிப் பகுதியைப் படியுங்கள்.

காது உடைந்துவிட்டது, அல்லது எண்கோண நட் ரவுண்ட் ஆகிவிட்டது

அமெரிக்காவில் 1968 ஜனவரி முதல் அமலுக்கு வந்த பாதுகாப்பு விதி, சக்கர நட்டில் இறக்கை போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளைத் தடை செய்தது. அதனால்தான் பிந்தைய எம்ஜிபிகளில் காதுக்குப் பதில் எட்டு முகம் கொண்ட நட்டைப் பார்க்கிறோம். அழகு குறைவு என்று காது வைத்த நட்டுக்கு மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. கழற்றுவதில் எண்கோணத்தின் தொல்லை, ஸ்பேனர் சரியாகப் பொருந்தாவிட்டால் முனை மழுங்கிவிடுவது.

மழுங்கியதை மீட்க, எதிரெதிரான இரண்டு முகத்தை அரத்தால் தட்டையாக்கி, அந்த அளவுக்குக் கனத்த தகட்டில் ஸ்பேனர் வெட்டிக்கொள்ளலாம். பெரிய பைப் ரெஞ்ச் பிடிக்கும், ஆனால் குரோம் கிழிந்துவிடும். எப்படியும் மாற்றப்போகிற நட் என்றால் கவலை இல்லை. ஒரு காது உடைந்தால் மற்றொன்றை வைத்து முயலலாம், ஒரு தடவை. அதுவும் போனால் அதன்மேல் ஒரு இரும்புப் பட்டையை வெல்டிங் வைத்துத் திருகுவது பட்டறைகளில் செய்வதுதான். இரும்பு நட்டுக்கு மட்டும். பித்தளைக்கு அந்த வெல்டிங் நிற்காது. வெல்டிங் செய்வதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், எர்த்தை நட்டிலேயே கொடுங்கள். ஹப்பிலோ வண்டியிலோ கொடுத்தால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் அதைப் பொட்டுப் பொட்டாகச் சுட்டுவிடும். டயர் வெடிக்கும் அபாயம் இங்கே இன்னும் அதிகம் என்பதால், எனக்கு இந்த வழியில் பிரியம் இல்லை. வெட்டிவிடலாம்.

எதற்கும் மசியவில்லை: நட்டை வெட்டுவது

வெட்டுவதற்கு முன் ஒரு கடைசி முயற்சி. நட் எப்படியும் போகப்போகிறது, ஆகவே முகப்பின் நடுவில் மூன்று மில்லிமீட்டர் துளை போடுங்கள். உள்ளே வெற்றிடம் இருக்கும். துளை வழியாகச் சிரிஞ்சில் எண்ணெய் ஏற்றி, துளையைக் களிமண்ணாலோ டேப்பாலோ அடைத்து, ஒரு இரவு விடுங்கள். முன்பக்கத்திலிருந்து மரைக்கு எண்ணெய் போக இது ஒன்றுதான் வழி. காலையில் வண்டியை அரைச் சுற்று நகர்த்தி, இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள். டிரில் முனையைத் தகடு விட்ட உடனேயே நிறுத்த வேண்டும். உள்ளே ஹப்பின் முனை இருக்கிறது.

அதற்கும் வரவில்லை என்றால், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காதுகள் இரண்டையும் முதலில் அறுத்துத் தள்ளுங்கள், வேலை செய்ய இடம் கிடைக்கும். பிறகு நட்டின் உடம்பில், ஹப்பின் அச்சுக்கு இணையாக, வரிசையாகத் துளைகள் போட வேண்டும். துளையின் உள்விளிம்பு மரையைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டராவது உலோகம் மிச்சம் இருக்க வேண்டும். மரை எங்கே தொடங்குகிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. புதிய நட் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, அதன் உள்விட்டத்தை அளந்து, பழைய நட்டின் முகப்பில் வட்டம் போட்டுக்கொண்டால் குழப்பம் இல்லை. எதிர்ப்பக்கத்திலும் அதேபோல ஒரு வரிசை.

துளைகளுக்கு நடுவே உள்ள சுவரை உளியால் பிளந்தால் நட் விரிந்து பிடி விடும். இரண்டாகப் பிளக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு பக்கம் பிளந்ததுமே பல நட்கள் கையால் சுற்ற வந்துவிடும். கிரைண்டரில் வெட்டினால் சீக்கிரம் முடியும், ஆனால் நட்டின் பின்விளிம்பு சக்கரக் கூம்பின்மேல் மூடியிருக்கிறது என்பதை மறந்தால் கூம்பில் கோடு விழும். நட் போனால் போகட்டும், கூம்பில் கோடு விழுந்தால் சக்கரமும் போச்சு. அந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டும் ரம்பமும் உளியும்தான்.

நட் வந்துவிட்டது, சக்கரம் வரவில்லை

உண்மையில் நட்டைவிட இதுதான் அதிகத் தொல்லை. கிரீஸ் இல்லாத பற்களில் துரு ஏறி, உள்முனையில் இருக்கும் சாய்வில் சக்கரம் ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவுவார்கள். அந்த உப்புநீரில் ஓடிய வண்டியானால் பற்கள் சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்தே கை வையுங்கள்.

கம்பியையோ ரிம்மையோ அடிக்காதீர்கள். நட் இல்லாமல் இருப்பதால் இப்போது எண்ணெய்க்கு நேர் வழி இருக்கிறது: பற்களின் முனையில் தாராளமாக விட்டு ஊறவிடுங்கள். பிறகு வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டயரை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும், பிறகு பக்கவாட்டிலும் இழுத்துத் தள்ளுங்கள். உள்பக்கமிருந்து மரக்கட்டை வைத்து டயரின் பக்கச்சுவரில் அடிக்கலாம்; ஓர் அடி, கால் சுற்று சுழற்று, மறுபடி ஓர் அடி. ஸ்டாண்டை வலுவான சட்டத்துக்கு அடியில் வைக்க வேண்டும். இந்த வயது எம்ஜிபியில் கதவுக்குக் கீழே இருக்கும் சில் வெளியே பளபளத்து உள்ளே உளுத்திருக்கும், அதை நம்பக் கூடாது.

அப்படியும் வரவில்லை என்றால் வண்டியின் எடையே வேலை செய்யட்டும். நட்டைத் திரும்ப மாட்டி, கூம்பைத் தொடும் வரை சுற்றி, ஒரு சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்துங்கள். வண்டியை இறக்கி, யாரும் இல்லாத தனியிடத்தில், நடக்கும் வேகத்தில் இரண்டு மூன்று மீட்டர் முன்னும் பின்னும் ஓட்டி, சட்டென்று பிரேக் பிடியுங்கள். டொக் என்ற சத்தம் கேட்டால் விட்டுவிட்டது. நட் கட்டாயம் இருக்க வேண்டும், சாலைக்குப் போகவே கூடாது.

பின்சக்கரம் பற்களிலிருந்து விட்டும் வெளியே வராமல் மட்கார்டில் முட்டினால் அது ஒட்டல் இல்லை, இடப்பற்றாக்குறை. அகலமான டயர் போட்டவர்களுக்கு வரும். ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக் கொடுக்காமல் பாடியைத் தூக்குங்கள். ஆக்ஸில் தொங்கினால் இடம் கிடைக்கும்.

புதிய நட் ஏற மறுக்கிறது

வலுக்கட்டாயமாக ஏற்றாதீர்கள். ஒன்று, பக்கம் மாறியிருக்கும். அல்லது மரை வேறு: இந்தக் குடும்பத்து ஹப்களில் அங்குலத்துக்கு 8 மரை, 12 மரை என்று இரண்டும் உண்டு. பழைய ஹப்பை வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போட்டிருந்தால் நான்கும் ஒரே மாதிரி இருக்கும் என்பதற்குக்கூட உத்தரவாதம் கிடையாது. ஒரு அங்குலத்தை ஸ்கேலில் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். மரை சரி, ஆனால் முதல் இரண்டு சுற்றில் கரகரக்கிறது என்றால் ஹப்பின் முனையில் அடிபட்டிருக்கும். முக்கோண அரத்தால் அந்த இடத்தை மட்டும் சீர் செய்தால் போதும்.

ஐந்து நட் வண்டிக்காரர்கள்

போர்ஷே 911-இன் ஃபூக்ஸ் சக்கரத்தில் இருப்பது அலுமினிய நட். இரும்பு ஸ்டட்டும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும், அந்த வெள்ளைப் பொடிதான் நட்டைப் பிடிக்கிறது. இங்கே முன்பக்கம் திறந்திருப்பதால் எண்ணெய் எளிதாகப் போகும். இம்பாக்ட் கன் வேண்டாம், மெல்லிய சுவர் சாக்கெட்டும் கைப்பிடியும் போதும். இறுக்கும்போது 130 நியூட்டன் மீட்டர்.

ஓட்டும்போது டிக் டிக் சத்தம். கழற்றிய பின் பார்க்க வேண்டியது

வண்டி கிளம்பும்போதும், பின்னால் எடுக்கும்போதும் சக்கரத்தில் ஒரு டிக் கேட்டால், அதை நட் தளர்ச்சி என்று நினைத்து மேலும் மேலும் அறைகிறார்கள். பல "கழலாத" நட்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது. நட் இறுகியிருந்தும் சத்தம் வந்தால் பற்கள் தேய்ந்திருக்கின்றன. நல்ல பல்லின் முகடு தட்டையாக இருக்கும். தேய்ந்தது கத்தி முனைபோலக் கூராகி, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஹப்பில் மட்டும் தேய்ந்து சக்கரத்தில் தேயாமல் இருப்பது அபூர்வம். தேய்ந்த ஹப்பில் புதுச் சக்கரத்தைப் போட்டால் சக்கரமும் சீக்கிரம் போகும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். முற்றிலும் தேய்ந்த பற்களில் பிரேக் பிடித்தால் ஹப் மட்டும் நிற்கும், சக்கரம் சுற்றிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட வண்டியை நகர்த்தவே கூடாது.

பற்கள் நன்றாக இருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, பற்களிலும் மரையிலும் இரண்டு கூம்பிலும் மெல்லியதாகக் கிரீஸ் தடவுங்கள். அப்பிவிட்டால் சுழலும்போது கம்பியெல்லாம் தெறிக்கும். சக்கரத்தை ஏற்றி, ஸ்டாண்டில் தூக்கிய நிலையிலேயே நட்டைக் கையால் முட்டும் வரை சுற்றி, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, செம்புச் சுத்தியலால் இறுக்குங்கள். தூக்கிய நிலையில்தான் சக்கரம் கூம்பில் நடுவாக உட்காரும். நட் நகர்வது நின்று, அடியின் சத்தம் மந்தமான டொப்பிலிருந்து கணீர் என்று மாறும்போது போதும். பிறகு இறக்கி, ஐம்பது கிலோமீட்டர் வாக்கில் ஓட்டியதும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது நான்கையும் கழற்றிக் கிரீஸ் மாற்றுங்கள், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும்.